மச்சானின் மீன்கள் வணக்கம் சொன்ன நாள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, ஒளிக்கப் போவதில்லை. மன அமைதிச் சிறப்பிதழ் போடுகிறோம், குளம், மீன், தென்றல் என்று ஏதாவது கொடுங்கள் என்று ஒரு பத்திரிகை கேட்டது. எனக்குத் தெரிந்த குளம் ஒன்றுதான். அங்கே தென்றல் அடித்ததாக நினைவில்லை.

முதல் தொடக்கம்: ‘கண்ணாடி போன்ற நீரில் கோய் மீன்கள் பொன்னும் சிவப்புமாக...’

(அடித்துவிட்டேன். அந்தக் கண்ணாடிதான் தொல்லையே.)

2

குளக்காரர் வீட்டுத் தோட்டங்களில் மீன்குளம் கட்டுபவர். தன் மனைவியின் அண்ணனான மச்சானுக்கும் கட்டிக் கொடுத்தார். ஆறு வாரம் மீன் விடாமல் தண்ணீரை மட்டும் ஓடவிட்டார். மச்சான் தினமும் வந்து நச்சரித்தார். வடிகட்டியின் பஞ்சில் பழுப்பாக ஒரு வழவழப்பு பிடிக்க வேண்டும், மீன் கழிவின் நஞ்சைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதில்தான் வாழ்கின்றன, அலசினாலும் குளத்துத் தண்ணீரில்தான் அலச வேண்டும் என்று குளக்காரர் மூன்று முறை சொன்னார். மச்சான் மூன்று முறையும் தலையாட்டினார். பெரிய பதவியில் முப்பது வருடம் அவர் பார்த்த வேலையே அதுதான்.

3

ஆறு வாரம் முடிந்து ஏழு மீன்களை விட்டாயிற்று. குளத்தின் திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்பு மச்சான் வடிகட்டியைத் திறந்தார். முகம் சுளித்தார். பிளீச்சிங் பவுடர் போட்டுப் பஞ்சை வெள்ளைவெளேரென்று தேய்த்து வைத்தார். அந்த வீட்டில் அவர் தன் கையால் செய்த ஒரே வேலை.

(மச்சானுக்கும் ஒரு நல்ல பக்கம் இருக்க வேண்டாமா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். ‘சிறு வயதில் அவர் ஒரு நாய்க்குட்டியை...’ வேண்டாம். நாய்க்குட்டியாவது பிழைக்கட்டும்.)

4

விழாவன்று ஏழு மீன்களும் மேலே வந்து, தண்ணீர் விழும் இடத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடின.

“பாருங்க, வந்தவங்களுக்கு வணக்கம் சொல்லுதுங்க,” என்றார் மச்சான் மைக்கில். கைதட்டல். ஆளுக்கொரு பிடி தீவனம் வேறு வீசினார்கள். அதுவும் நஞ்சாகத்தான் மாறும்.

குளக்காரர் வடிகட்டியை முகர்ந்து பார்த்தார். பிளீச்சிங் பவுடர் நெடி. மச்சான் காதருகே போனார்.

“மீனுங்களுக்கு மூச்சு முட்டுது மச்சான். பாதித் தண்ணிய இப்பவே மாத்தணும்.”

“கொஞ்சம் ஓரமா நில்லுங்க மாப்ளே.” பிறகு மைக்கில், “இவர்தான் நமக்குக் குழி தோண்டிக் கொடுத்தவர்.”

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அண்ணன் பேசி முடிக்கட்டுங்க. நாலு பேர் முன்னாடி அவர் மூக்க உடைச்சா, நான் எந்த மூஞ்சியோட இந்த வீட்டுக்கு வருவேன்?”

“செத்தா யாரச் சொல்லுவாங்க? என்னத்தானே? அப்புறம் எவன் குளம் கட்டக் கூப்பிடுவான்?”

5

முடிவு அ: பேச்சு முடிகிறது. ஏழும் மிதக்கின்றன. கட்டியதே சரியில்லை என்கிறார் மச்சான். குளக்காரர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறார். (பத்திரிகைக்கு இதுதான் பிடிக்கும். பணிவாம்.)

முடிவு ஆ: வடிகால் வால்வைத் திறந்துவிடுகிறார். அழுக்குத் தண்ணீர் விருந்தினர் காலணிகளில் ஏறுகிறது. மீன்கள் பிழைக்கின்றன. மனைவிக்கு அண்ணன் வீட்டுக் கதவு...

இரண்டையும் நான் முடிக்கப் போவதில்லை. அன்று இரண்டாம் வரிசையில் நின்று கைதட்டியவன் நான். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. குளக்காரர் வால்வருகே குனிந்துவிட்டார். “விழா நடக்குதுல்ல, அப்புறம் பாத்துக்கலாம் சார்” என்று யாரோ அவர் தோளைப் பிடிக்கிறார்கள். அந்தக் கை உங்களுடையது. எடுங்கள். எடுக்க முடியாதென்றால் ஏழு மீன்களின் முடிவையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.