எல்ஸ்மியர் தீவில் கிடைத்த எலும்பு

மலேசியாவின் லாபு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. தங்கராஜு செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் குந்தியிருந்த மகள் ரோகினி, மறுநாள் வகுப்பில் பேசவேண்டியதை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"எல்ஸ்மியர் தீவுப்பா. கனடாவோட வடக்குக் கோடி. கோடையில சூரியன் மறையவே மறையாது. குளிர்காலம் பூரா இருட்டு."

"அப்ப வேலை வாங்குற மண்டோரு இருட்டுலயே பெரட்டுக்கு நிறுத்திப் பேர் கூப்பிடுவானோ?"

"கேலி பண்ணாதலா! அங்க மரம் நிமிர்ந்தே வளராது, காத்துக்குப் பயந்து தரையோட படுத்துக்கும். ஓநாய் வந்தா கஸ்தூரி எருதுங்க குட்டிய நடுவுல விட்டுச் சுத்தி நின்னுக்கும். ஆனா கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அங்கயும் நம்ம ஊரு வெக்கைதான். முதலை இருந்திருக்கு. நீள மூக்குத் தெனுக்கு, அதான் டேப்பிர், இருந்திருக்கு."

"நம்ம காட்டோரம் வருமே, பாதி கறுப்பு பாதி வெள்ளை, அதுவா?"

"அதுக்குச் சொந்தக்காரன். எலும்பு கெடைச்சிருக்கு."

தங்கராஜுவுக்கு அரிவாளில் கை ஓடவில்லை. இவ்வளவும் தன் பிள்ளையின் வாயிலிருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் வகுப்பு கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்ததும் டீச்சர் அவளைத் தனியே அழைத்தார். பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் அது. அடையாள அட்டை இல்லாமல் தேர்வு எழுத முடியாது.

ரோகினிக்கு அந்த ஐசி கிடையாது. பிறப்புப் பத்திரமே கிடையாது. லயத்து வீட்டில் பிறந்தவள். பூசாரி சொன்ன எழுத்தில் தாய்மாமன் ஒரு பெயர் கேட்டான், அத்தை இன்னொன்று கேட்டாள். பெயர் முடிவாகட்டும், பிறகு பதிந்துகொள்ளலாம் என்று தங்கராஜு தள்ளிப்போட்டான். கெடு கடந்தது. மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிரசவம் பார்த்தவளும் இறந்தாள். பிரசவத்தைக் கண்ணால் கண்டு சாட்சி சொல்ல ஆளில்லை. தலைமையாசிரியர்கள் இரக்கப்பட்டு இதுவரை படிக்கவைத்தார்கள். பதிவு அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கோ இன்னும் விடிவில்லை.

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தத் தெனுக்கோட ஒரு எலும்பு கெடைச்சுச்சு, அது வாழ்ந்துச்சுன்னு உலகமே நம்பிடுச்சுப்பா. நான் உசுரோட நிக்கிறேன். என்னை ஏம்பா நம்ப மாட்டேங்குறாங்க?"

 தங்கராஜு அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி வைத்தான். அந்த மாதமே அவள் செம்பனை நாற்றுப்பண்ணையில் பைகளில் மண் நிரப்பும் வேலைக்குப் போனாள். தீவைப் பற்றி அப்புறம் வீட்டில் பேச்சே இல்லை.

ஒரு ஞாயிறு காலை, பக்கத்து வீட்டுச் சுகுமாறன் கேசரித் தட்டோடு வந்தான். தலைப்பிள்ளை பிறந்த பூரிப்பு.

"அண்ணே, பேரு வைக்கிற விழாவுக்கு மேளம் சொல்லியாச்சு. பேருதான் இன்னும் சண்டை! என் மாமியாளுக்கு 'ஷ'ல வேணுமாம்."

"பதிஞ்சிட்டியா?"

"பேரே முடிவாகல, என்னத்தப் பதியுறது? மெதுவா செய்யலாம்லா."

உள்ளே ரோகினி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. தங்கராஜு கேசரித் தட்டை வாங்கவில்லை. சுகுமாறனின் சட்டையைப் பிடித்தான். 

"வாய்க்கு வந்த பேர வையிடா. நாளைக்குக் காலையில பதிவு ஆபீஸ் தொறந்ததும் முதல் ஆளா நின்னு பதிஞ்சிடு. ராசியில்லாத பேரோட புள்ள வாழ்ந்துடும். பதியாத புள்ள பொறந்தும் பொறக்காத கணக்குதான். நல்ல பேரு தேடுனோம் நாங்க. எம்மவ இந்த நாட்டுக்கே பேரில்லாமப் போயிட்டா."