இரும்பு நாரும் சதுர பேட்டரியும்

எதிர்வீட்டுக்காரருக்குப் பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. தெருவில் அவருக்குப் பெயரே எக்ஸ்ரேதான். பகலெல்லாம் அடுத்தவர் கடைவாய்ப் பல்லைப் படம் பிடிப்பவருக்கு, இரவில் நெருப்பைப் படம் பிடிக்கும் ஆசை வந்துவிட்டது. பெயிண்ட் கடையில் மரம் தேய்க்க விற்கிற, முடி போல மெல்லிய இரும்பு நாரை முட்டை அடிக்கும் கம்பிக்குள் திணித்து, சங்கிலியில் கட்டி, பற்றவைத்துச் சுழற்றினால் பொறி மழையாகக் கொட்டுமாம். கேமரா அதைப் பெரிய பூவாகக் காட்டுமாம்.

அவர் மனைவி தையல்காரி. முன்னறை முழுக்க ஊரார் துணி. அதற்கு நடுவில்தான் எட்டு மாதக் குழந்தையின் தொட்டிலும் கிடக்கிறது.

"அக்கா, இந்த ரெண்டு பேர் கையிலயும் நெருப்பைக் குடுத்துட்டு என்னால தூங்க முடியாது. கூடப் போயிட்டு வாங்களேன்" என்றாள். இரண்டாவது ஆள், சங்கிலியைச் சுழற்றப் போகும் அவள் தம்பி. அவள் கேட்காவிட்டாலும் நான் போயிருப்பேன் என்பது வேறு விஷயம்.

லாரிகள் இப்போது வராத ஒரு சிமெண்ட் மைதானம். வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் என் பொறுப்பு. தம்பி ஹெல்மெட், கையுறை, கண்ணாடி என்று பெண் பார்க்கப் போவதைவிட அக்கறையாகத் தயாராகியிருந்தான். எக்ஸ்ரே கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, "ம்" என்றார். தம்பி சதுர பேட்டரியின் முனைகளை நாரில் லேசாகத் தொட்டான். தீக்குச்சியும் இல்லை, லைட்டரும் இல்லை. தொட்டதுமே நாருக்குள் ஒரு சிவப்புப் புழு ஊர ஆரம்பித்தது.

பிறகு சங்கிலி விர்ரென்று சுற்றியது. பொறிகள் தரையில் பட்டுத் துள்ளி, முப்பது அடி தள்ளி நின்ற என் செருப்பு வரை வந்தன. எக்ஸ்ரே கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்து நிதானமாக இருபது வரை எண்ணினார். ஏழிலேயே நான் வாளியைக் கையில் எடுத்துவிட்டேன். காற்று கொஞ்சம் திரும்பினால் அந்தப் பையனின் சட்டைக்காலர்தான் முதலில் பிடிக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒன்றும் ஆகவில்லை. மூன்று பேரும் டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் தேடினோம்.

"ஒரு பொறிகூட மிச்சமில்ல மாமா" என்ற தம்பி, மீதி நாரையும் பேட்டரியையும் கேமரா பையின் பக்கவாட்டு அறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். நான் பார்த்தேன். மனதில் எதுவோ நெருடியது. ஆனால் படத்தில் நானும் விழுந்திருக்கிறேனா என்று பார்க்கிற அவசரம் எனக்கு.

வீட்டுக்கு வந்து கால் கழுவிப் படுத்தேன். கண்ணை மூடினால் அந்தச் சிவப்புப் புழு. சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். நார். பேட்டரி. இரண்டும் ஒரே பையில். அந்தப் பையை எக்ஸ்ரே எப்போதும் மாட்டுவது தொட்டிலுக்கு மேலே உள்ள கொக்கியில். அவர்கள் வீட்டில் எது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாததில்லை.

போன் அடித்தேன். குழந்தை தூங்கினால் அந்த வீட்டில் எல்லா போனும் ஊமை. ஜன்னலைப் பார்த்தேன். இருட்டு. பைக்குள் கனிகிற நெருப்பு தெருவுக்கா தெரியும்? வெறுங்காலோடு ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

எக்ஸ்ரே கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தார். "படத்தைக் காலைல காட்டறேனே அக்கா."

அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். இரும்பு கருகிய வாசனை. பையின் பக்கவாட்டு அறை இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சுட்டது. கழற்றிக்கொண்டு ஓடித் தெருவில் வீசினேன். நைலான் உருகிய ஓட்டை வழியாகப் புழு எட்டிப் பார்த்தது. திரும்பி வந்து பார்த்தால், பையை ஒட்டித் தொங்கியிருந்த யாரோ ஒருத்தியின் பட்டு ரவிக்கையில் வட்டமாக ஒரு கருகல். அதற்கு ஒரு முழம் கீழே குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

தையல்காரி குழந்தையை வாரி எடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, உங்களுக்காவது தோணுச்சேக்கா" என்றாள். நான் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டேன்.

மறுநாள் இதை ஏழு வீட்டில் சொன்னேன். தம்பி ஜிப்பை இழுத்தபோது நான் பார்த்துக்கொண்டு நின்றதை மட்டும் ஒரு வீட்டிலும் சொல்லவில்லை.