டேரலின் துண்டு

பந்து புல்லில் உருளும்போது உலகமே மெதுவாகிவிடும். எங்கள் புல்தரைப் பந்து கிளப்பில் உருட்டும் பந்து ஒரு பக்கம் கனமானது. நேராகப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வேகம் அடங்கும்போது மெல்ல வளைந்து, தூரத்தில் கிடக்கும் வெள்ளைக் குட்டிப் பந்தின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். யார் பந்து அதற்குக் கிட்டே கிடக்கிறதோ அவருக்குத்தான் புள்ளி. அது போய்ச் சேரும்வரை என் மூச்சும் கூடவே போகும். காலமெல்லாம் நிலக்கரித் தூசியைக் குடித்த நெஞ்சு எனக்கு. நாலு படி ஏறினால் இரைக்கும். ஆஸ்திரேலியாவின் இந்தச் சுரங்க ஊரில், செஸ்நாக்கின் இந்தப் புல்லில் மட்டும் மிதப்பதுபோல் இருக்கும். இதுவும் போய்விட்டால் வீட்டில் நாற்காலியோடு நாற்காலியாகக் கிடக்க வேண்டியதுதான்.

போய்விடும் போலத்தான் இருந்தது. இருமினால் மூத்திரம் இறங்கிவிடுகிறது. சொல்லவே நாக்கூசுகிறது. போட்டி நாளில் எல்லோரும் வெள்ளை பேண்ட் போட வேண்டும் என்பது கிளப் சட்டம். எந்த மகராசன் போட்ட சட்டமோ, அவன் நன்றாக இருக்கட்டும். வெள்ளையில் கொஞ்சம் நனைந்தாலும் ஊருக்கே தெரியும்.

என் ஜோடி டேரல். அவனும் சுரங்கத்து ஆள்தான், அவனுக்கும் இதே நெஞ்சு. பந்து துடைக்கும் துண்டை நாங்களெல்லாம் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்வோம். அவன் மட்டும் பெல்ட்டின் முன்பக்கம் ஏப்ரன்போல் அகலமாகத் தொங்கவிடுவான். சமையல்காரன் என்றுதான் கிளப்பே அவனைக் கூப்பிடும். இன்றைக்கு ஆட்டுக்கறியா மீனா என்று அவனும் திருப்பிக் கேட்டுவிட்டு ஆட வந்துவிடுவான்.

இறுதிப் போட்டிக்கு முந்தின நாளிலிருந்து நான் தண்ணீரைத் தொடவில்லை. உள்ளே போகாவிட்டால் வெளியே வராது என்று என் பெரிய மூளை கணக்குப் போட்டது. என் மனைவி நோலீன் நீட்டிய டீயைக்கூடத் தள்ளிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானே குடித்தாள். தண்ணீர் குறைந்தால் சளி இறுகும், இருமல் கூடும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னது, வெயிலில் போய் நின்ற பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

வெயில் ஏற ஏற எல்லாம் தூரமாகிக்கொண்டே போயிற்று. யூகலிப்டஸ் மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் அசைந்தன. மேக்பை பறவை ஒன்று எங்கோ பாடிக்கொண்டிருந்தது, அது என் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறதோ என்றுகூடத் தோன்றியது. ஆட்டம் சமநிலையில் நின்றது. மிச்சம் இருந்தது ஒரே பந்து, என் பந்து. டேரல் எதிர்முனையில் குட்டிப் பந்துக்குப் பின்னால் நின்று கையைக் காட்டினான்.

குனிந்தேன். அடிவயிற்றிலிருந்து இருமல் கிளம்பியது. நிற்கவில்லை. தொடை வழியாக வெதுவெதுப்பாக இறங்கியது. கைதட்டத் தயாராக இருந்த கைகள் அப்படியே இறங்கின. எனக்கு உயிரே போய்விட்டது. பந்தைப் புல்லில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

டேரல் வந்துகொண்டிருந்தான். ஓட முடியாது அவனால். நடு வழியில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பிறகு மறுபடி நடந்தான். அந்தப் பச்சைப் புல்தரை முடியவே முடியாது போலிருந்தது.

“எங்கய்யா கெளம்பிட்ட?”

“வீட்டுக்கு. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

அவன் தன் பெல்ட்டிலிருந்து துண்டை உருவி என் பெல்ட்டின் முன்னால் செருகினான். துண்டு இருந்த இடத்தில், அவன் வெள்ளை பேண்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதைச் சுற்றி முன்பே காய்ந்துபோன மஞ்சள் ஓரம்.

“எனக்கு ரெண்டு வருஷமா இப்படித்தான்யா. நீ பந்தப் போடு.”

திரும்பி நடந்தான். எதிர்முனைக்குப் போய், கூட்டத்தைப் பார்த்து, மறைக்காமல் நின்றான். ஒரு கையை உயர்த்தி எனக்கு வழி காட்டினான். இன்னொரு கை சும்மா பக்கத்தில் தொங்கியது. சமையல்காரன் என்று ஒருவரும் கூப்பிடவில்லை.

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து போட்டேன். பந்து எங்கே போய் நின்றது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வேலியோரம் நின்ற நோலீனிடம் கையை நீட்டித் தண்ணீர் கேட்டேன். ஒரு ஜாடி முழுவதையும் காலி செய்தேன்.