பதினைந்தாம் கட்டில்

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குப் பதினைந்தாம் கட்டில்காரர் இரண்டு ரொட்டித் துண்டுகளையும் ஒரு டம்ளர் பாலையும் முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். எட்டரைக்கு அவருக்கு அறுவை சிகிச்சை. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்திருக்க வேண்டியவர். பதறிக் கேட்ட நர்சிடம், "தட்டு வந்துச்சு. ஆபரேஷனைத் தள்ளி வச்சுட்டாங்கபோலன்னு நெனச்சேன்" என்றார். சாப்பிட்ட பிறகு அது நிஜமாகவே தள்ளிப்போயிற்று. ஆறு வாரம் காத்திருந்து கிடைத்த நாள் அது.

மருத்துவமனைச் சமையற்கூடத்தில் யாருக்கு என்ன தட்டு என்று சீட்டு எடுத்துக் கொடுப்பது ஒருத்தியின் வேலை. எல்லோரும் அவளைப் பட்டியல் என்றே கூப்பிட்டார்கள். முன்பு கையால் எழுதினாள். பிறகு மூன்று மாதம் சாப்பாட்டு இடைவேளைகளில் பைதான் என்கிற கணினி மொழியைப் படித்து, இருபது வரியில் ஒரு நிரல் எழுதினாள். நாற்பது கட்டில்களின் எண்களை அது வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகும். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவர்கள் என்று நர்சுகள் அனுப்பிய எண் வந்தால் அங்கேயே நீக்கும். மிச்சம் இருப்பவர்களுக்குச் சீட்டு அடிக்கும். மூன்று வாரமாக ஒரு பிசகும் இல்லை. கண்காணிப்பாளர் போன கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்.

இன்று அவர் சமையற்கூடத்துக்கே வந்தார். தட்டு வண்டி தள்ளுகிற அக்கா முன்னால் போய் நின்றார்.

"சீட்டு இருந்துச்சு சார், வச்சேன்" என்றாள் அக்கா.

"சீட்டு எங்க?"

"எச்சத் தட்டோட குப்பைக்குப் போயிருக்கும். தினமும் அப்படித்தானே போகுது."

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா. கைதான் மாறும். நாலு மணிக்கு ரூமுக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ. நாளையிலேருந்து வர வேண்டாம்."

அவர் போன பிறகு அக்கா வண்டிச் சக்கரத்தில் சிக்கியிருந்த நூலைப் பிடுங்கினாள். "பதினேழு வருஷமா தள்றேன். பதினஞ்சு எங்க இருக்குன்னு வண்டிக்கே தெரியும்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

பட்டியல் தன் மேசைக்குப் போய்க் காலையில் கொடுத்த எண்களையே மறுபடி கொடுத்து நிரலை ஓட்டினாள். நர்சுகள் அனுப்பியதில் பதினான்கும் இருந்தது, பதினைந்தும் இருந்தது. பதினான்குக்குச் சீட்டு வரவில்லை. பதினைந்துக்கு வந்தது. சூடாக, சுருண்டு, அவள் கையிலேயே விழுந்தது. இதைக் கொண்டுபோய்க் காட்டினால், இப்போது அடித்ததுதானே என்று கேட்பார். ஏன் வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்றரை மணிக்குக் குழுவில் கேட்டாள். பைதான் கற்றுக்கொள்கிறவர்கள் தமிழிலேயே கேள்வி கேட்கிற அரட்டைக் குழு அது. மூன்று மாதமாக எட்டிப் பார்த்திருக்கிறாளே தவிர வாய் திறந்ததில்லை. திரையைப் படம் எடுத்துப் போட்டாள். ஒருவர் உடனே எழுதினார்: "படத்தை ஓட்டிப் பார்க்க முடியாதுங்க. கல்யாண போட்டோவா இருந்தா லைக் போடலாம்." அவசரமாக அழித்துவிட்டு நிரலை எழுத்தாகவே ஒட்டினாள். அதன்பின் ஆறினகாபி என்ற பெயரில் எழுதுகிறவர் வந்தார்.

ஆறினகாபி ஆணா பெண்ணா என்று குழுவில் யாருக்கும் தெரியாது. ஒரே கேள்வியை ஒரே வாரத்தில் நாலு பேர் கேட்டாலும், நாலாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்னது போலவே சொல்வார். பழைய பதிலை எடுத்து ஒட்டி அவள் பார்த்ததில்லை. ஒருவர் நாலு நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றபோது, நாலு நாளும் கூடவே நின்றார். அவருக்கு வேறு வேலையே இல்லையா என்று அவள் நினைத்ததுண்டு. இருக்கும். காபி சும்மா ஆறுவதில்லை.

"என்ன வரணும், என்ன வந்துச்சு, ரெண்டையும் சொல்லுங்க" என்று எழுதினார். சொன்னாள். எதற்கான நிரல் என்பதையும், நாலு மணியையும் சொன்னாள்.

ஆறினகாபி நிரலைப் படித்துவிட்டு எழுதினார்:

"நர்ஸ் அனுப்புறதுல பதினஞ்சு எண்ணா இருக்கா, எழுத்தா இருக்கா? நம்ம கண்ணுக்கு ஒண்ணுதான். பைதானுக்கு வேற வேற. அதுதான்னு நெனைக்கிறேன்."

சோதித்தாள். எல்லாமே எண்ணாகத்தான் இருந்தன. இரண்டு மணி ஆகியிருந்தது.

"அப்ப நான் சொன்னது தப்பு" என்று வந்தது. "அழிக்கல, மேலயே கெடக்கட்டும். அடுத்து வர்றவங்களுக்கு இந்தப் பக்கம் வழி இல்லைன்னு தெரியும். இப்ப நாற்பது கட்டில் வேண்டாம். தப்பு நடக்குற இடத்துல நாலே நாலு மட்டும் வைங்க. ஒவ்வொரு சுற்றுலயும் எந்தக் கட்டிலைப் பார்க்குதுன்னு பிரிண்ட் போடச் சொல்லுங்க."

பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு. ஓட்டினாள். திரையில் மூன்று எண்கள் வந்தன. பதின்மூன்று. பதினான்கு. பதினாறு.

பதினைந்தை அது பார்க்கவே இல்லை.

அதை அப்படியே எழுதினாள். "ஆமா" என்றார் ஆறினகாபி. "ஏன்னு நான் சொல்லிடலாம். ஆனா நாலு மணிக்கு அந்த ரூம்ல நீங்கதானே பேசணும். பக்கத்துல டம்ளர் இருக்கா?"

சமையற்கூடத்தில் டம்ளருக்குப் பஞ்சமா. நாலு டம்ளர்களை வரிசையாக வைத்தாள். முதலாவதன்மேல் விரலை வைத்தாள். பதின்மூன்று, இருக்கட்டும். விரலை இரண்டாவது இடத்துக்கு நகர்த்தினாள். பதினான்கு, வெறும் வயிறு. எடுத்துவிட்டாள். "எடுத்ததும் பட்டியல் இடைவெளி விடாது, மூடிக்கும்" என்று வந்திருந்தது. மிச்ச இரண்டையும் முன்னால் தள்ளினாள். விரல் அடுத்ததாக மூன்றாவது இடத்துக்குப் போயிற்று. அங்கே பதினாறு நின்றது. பதினைந்து, விரல் கடந்து வந்த இரண்டாவது இடத்தில் சத்தமில்லாமல் நின்றது.

"என்னம்மா, டம்ளருக்குப் பாடம் எடுக்குறியா?" என்றார் சமையல் மாஸ்டர், கரண்டியோடு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வாரமாக அடுத்தடுத்த இரண்டு கட்டில்களில் ஒரே நாளில் வெறும் வயிற்றுக்காரர்கள் இருந்ததில்லை. அதனால்தான் தெரியவில்லை.

நீக்குவதை விட்டுவிட்டு, சாப்பிட வேண்டியவர்களை மட்டும் புதிதாக ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனாள். இரண்டு வரி மாறியது. பதினைந்துக்குச் சீட்டு வரவில்லை. மணி மூன்று இருபது. குழுவில் நன்றி என்று எழுதினாள். ஆறினகாபி அதற்குள் வேறு யாருக்கோ, வரி ஏன் உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்று முதல் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது எல்லாம் சரியாக இருந்தது. இனி இந்தத் தப்பு நடக்காது. நடந்ததை இந்தக் கட்டடத்தில் அவளைத் தவிர யாரும் அறியமாட்டார்கள். கூட்டத்தில் கேட்ட கைதட்டல் நினைவுக்கு வந்தது. எழுந்து, நாலு டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்தாள்.

நாலு மணிக்கு அவள் கண்காணிப்பாளரின் அறைக்குள் நுழைந்தபோது அக்காவின் கையில் பேனா இருந்தது.

"அக்கா, போடாதீங்க" என்றாள். பிறகு கண்காணிப்பாளரைப் பார்த்து, "சார், தட்டு மாறல. சீட்டே தப்பா வந்திருக்கு" என்றாள்.

"கம்ப்யூட்டர்..."

"கம்ப்யூட்டர் நான் சொன்னதைத்தான் செஞ்சுது சார். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவருடைய மேசையில் ரப்பர் முத்திரைகள் இருந்தன. நாலை எடுத்து வரிசையாக வைத்துக் காட்டினாள். அவர் புருவத்தைச் சுருக்கினார். முத்திரைகளைப் பழையபடி அடுக்கி, தன் விரலை வைத்துத் தானே ஒருமுறை செய்து பார்த்தார். இரண்டாவதை எடுத்தார், தள்ளினார், விரலை நகர்த்தினார், நிறுத்தினார். தாண்டிப் போன முத்திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணு வாரமா இப்படியேதான் ஓடிச்சா?"

"ஆமா சார்."

அவர் அக்காவின் முன்னாலிருந்த தாளை இழுத்து நான்காக மடித்தார். கிழிக்கவில்லை. இழுப்பறையில் போட்டார். "அடிச்ச சீட்டை இனிமே நர்ஸ் பட்டியலோட கையால ஒருதடவை ஒத்துப் பார்த்துட்டுத்தான் வண்டியில ஏத்தணும்" என்றார். பிறகு பட்டியல் பக்கம் திரும்பினார். "உன் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம். போங்க ரெண்டு பேரும்."

நடைபாதையில் அக்கா முன்னால் நடந்தாள். வண்டி இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவள்போல முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சமையற்கூடத்துக்குத் திரும்பும் முனையில் நின்றாள். இடப்பக்கம் வார்டின் நீளமான கதவு திறந்திருந்தது. வரிசையான கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஓர் எண். நடுவில், பதினைந்து என்ற எண்ணின் கீழே, ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"எனக்காக வந்து சொல்லிட்ட, சாரும் கேட்டுக்கிட்டாரு" என்றாள் அக்கா. "அந்த மனுஷன்கிட்ட யாரு சொல்றது?"