தக்கையின் தலையில் ஒரு வெட்டு

சனிக்கிழமை மாலைக்குள் ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் நிற்காவிட்டால், அது பூச்செடி வைக்கத் தோட்டத்துக்குப் போய்விடும். பாதிரியார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மாற்றுக்கு எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைக் கையோடு வாங்கி வைத்திருந்தார்.

ஒரே சுண்ணாம்புக்கல்லில் குடைந்த எட்டுப் பட்டைத் தொட்டி, நானூறு வருடப் பழசு. பழுது பார்க்க வந்த கல்வேலைக்காரியின் அண்ணன் குழந்தைக்குத்தான் ஞாயிறன்று அதில் ஞானஸ்நானம்.

அண்ணன் கொத்தனார். விளிம்பு விரிசலைத் தட்டிக் காட்டினான். "ஒரு கை சிமெண்ட் அப்பினா முடிஞ்சுது. ஒரு வாரமா இதையே சுத்திச் சுத்தி வர்றே."

"சிமெண்ட் ஈரத்தை வெளிய விடாதுண்ணா. பக்கத்துக் கல்லு பொடிப்பொடியா உதிரும்."

"உன் வாயை எந்தக் கல்லுலடி செதுக்குனாங்க?"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விரிசலுக்கு இரண்டு விரற்கடை கீழே வரை தண்ணீர் ஊற்றி, பென்சிலால் கோடு போட்டாள். மதியத்துக்குள் தண்ணீர் கோட்டை விட்டு இறங்கிவிட்டது. வெளிப்பக்கம் ஒரு பொட்டு ஈரமில்லை.

"விரிசல் மேல இருக்கு. கீழ நிக்கற தண்ணி அதுல ஏறியா போச்சு?" என்றாள்.

அண்ணன் குனிந்து தொட்டியின் அடியை எட்டிப் பார்த்தான்.

மிச்சமிருந்தது அடித்துளை ஒன்றுதான். மந்திரித்த நீர் சாக்கடையில் கலக்கக் கூடாதென்று, தூணுக்குள்ளேயே மண் வரை துளை போட்டிருந்தார்கள். அதன் வாய் புனல் போல மேலே அகலம், கீழே குறுகல். அதே வடிவப் பித்தளைத் தக்கையை நீரின் எடையே அழுத்தி இறுக்கும். பழைய தக்கை தேய்ந்துபோனதால், போன வாரம்தான் அளவு கொடுத்துப் புதிது கடையச் சொல்லி வாங்கிப் போட்டிருந்தாள்.

துளையில் கரிப்பொடி தடவி, புதுத் தக்கையை நேராக இறக்கி எடுத்தாள். இரண்டு பக்கம் மட்டுமே கரி ஒட்டியிருந்தது; மற்ற இடத்தில் தக்கை கல்லைத் தொடவேயில்லை. சட்டென்று பழைய தக்கையைப் பையிலிருந்து எடுத்தாள். அதன் தலையில் சின்ன வெட்டு. அடிபட்ட வடு என்று நினைத்து, கடையக் கொடுத்த வரைபடத்தில் அதை விட்டுவிட்டிருந்தாள்.

"அடையாளம்ணா இது! கையால குடைஞ்ச துளை, சுத்தமா வட்டமில்ல. தக்கை ஒரே ஒரு பக்கமாத்தான் உட்காரும். நான் ஒரு மண்டு, வட்டமா கடைஞ்சு வாங்கியிருக்கேன் பாரு!"

"துளையைத் தேய்ச்சு வட்டமாக்கிடவா?"

"கை வச்சே, தொலைச்சிடுவேன். பித்தளைதான் கல்லுக்கு வளைஞ்சு கொடுக்கணும்."

கரி ஒட்டிய மேட்டை மட்டும் அரத்தால் ராவினாள். இறக்கினாள், எடுத்தாள், ராவினாள். விரல் நுனி தோலுரிந்தது. அண்ணன் நாற்பது வரை எண்ணிவிட்டுக் கைவிட்டான். வெள்ளி போய்ச் சனி மதியம், தக்கையைச் சுற்றிலும் கரி முழு வளையமாக ஒட்டியது. தலையில், கதவைப் பார்த்த பக்கம், ஒரு வெட்டுப் போட்டாள்.

மாலையில் பாதிரியார் குனிந்து பார்த்தார். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

ஞாயிறன்று குழந்தை கூரை அதிர அழுதது. எவர்சில்வர் பாத்திரத்தில் பூ வைத்திருந்தார்கள். எல்லாரும் போன பின் அண்ணனே தக்கையைப் பிடுங்கினான். தண்ணீர் களக்களக்கென்று தூணுக்குள் இறங்கியது.

"திரும்ப மூடறப்ப வெட்டு கதவுப் பக்கம்தானே?" என்று கேட்டான்.