இரண்டு நிமிஷம் பதினாலு செகண்ட்

பல்செட்டுக்காரர் ஒரு மேல்தாடைக்குக் கடைசிக் கடைவாய்ப்பல்லைப் பதித்து மெழுகைச் சீவிக்கொண்டிருந்தபோது, ஏழு வருஷமாக அவர் நடத்திவந்த வீடியோ சேனல் உலகத்தை விட்டே போய்விட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. மகள் போன் செய்து சொன்ன பிறகுதான் கையிலிருந்த தாடையைக் கீழே வைத்தார்.

சேனல் முழுக்க ஒரே விஷயம்தான். சைக்கிளை விட்டு இறங்காமலே துப்பறியும் ஒருவனைப் பற்றிப் பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்று இருந்தது. அவன் தூங்குவதும் சுவரில் சாய்ந்தபடி சைக்கிளின் மேல்தான். ஒரு பகுதியில் அவனுக்குக் கல்யாணமே சைக்கிளில் நடந்தது, பெண் பின் இருக்கையில். அதிலிருந்து காட்சிகளை வெட்டி, வரிசை மாற்றி ஒட்டி, அவன் பெருமையைத் தன் குரலில் பேசி வலையேற்றுவார் பல்செட்டுக்காரர். தொடரை எடுத்தவர்களிடம் அனுமதி கேட்டாரா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் தன் வீடியோவுக்கு மட்டும் கறாரான சட்டம் வைத்திருந்தார்: வந்து பார்க்கலாம், எடுத்துக்கொண்டு போகக்கூடாது. "இன்னும் திருத்த வேண்டியிருக்கு. நீங்க இறக்கி வச்சுக்கிட்டா என் தப்பும் உங்க வீட்டுக்கு வந்துடும்" என்று ஒவ்வொரு வீடியோவின் கீழும் எழுதிவைத்திருந்தார்.

அவர் சொன்ன தப்பு நாற்பத்தோராவது வீடியோவில் இருந்தது. துப்பறிவாளன் பாலத்திலிருந்து சைக்கிளோடு பறக்கும் இடம். இவர் மைக்கில் உணர்ச்சி பொங்கப் பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டு நிமிஷம் பதினாலாவது செகண்டில் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் குறுக்கே பாய்கிறது: "அவன் கொலைகாரனைப் பிடிக்கட்டும், நீங்க முதல்ல வந்து தட்டைப் பிடிங்க!" உடனே இவர் குரல், அசட்டுத்தனமாக: "அஞ்சு நிமிஷம்." மற்ற வீடியோக்களை நூறு பேர் பார்த்தால் இதை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். துப்பறிவாளனுக்காக இல்லை. பல்செட்டுக்காரருக்கு மானம் போயிற்று. அந்த இடத்தை வெட்டி மறுபடி ஏற்ற வேண்டும் என்று ஒன்றரை வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் மனைவி இறந்துபோனாள். அதன்பிறகு வெட்டுகிற பேச்சை அவர் எடுக்கவில்லை.

அந்த அம்மாளின் குரல் வேறெங்கும் இல்லை. கேமராவைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வாள். கணவர் செய்துகொடுத்த பல்செட் ஆடும் என்பது அவள் கட்சி. ஆடாது என்பது இவர் கட்சி. முப்பது வருஷத்தில் அவர் அச்செடுத்த அத்தனை வாய்களும் சுண்ணாம்பு வார்ப்புகளாகப் பட்டறை அலமாரியில் சீட்டு ஒட்டி இருக்கின்றன. செத்துப்போனவர்களின் தாடைகூட இருக்கிறது. என்றைக்காவது கேட்டு வந்தால்? அப்படிப்பட்ட மனிதர், வீடியோவை ஏற்றிய கையோடு கம்ப்யூட்டரில் இருந்த மூலத்தை அழித்துவிடுவார். "அதான் மேல இருக்கே, இங்க வேற எதுக்கு இடத்தை அடைக்கணும்?"

இப்போது மேலேயும் இல்லை. தொடரின் சொந்தக்காரர்கள் புகார் கொடுத்துவிட்டார்களாம். சேனலைத் திருப்பித் தரச் சொல்லி மகள் மூன்று விண்ணப்பம் அனுப்பினாள். மூன்றுக்கும் ஒரே பதில், அதே நிமிஷத்தில் வந்தது. படித்துவிட்டு எழுதிய பதில் மாதிரி தெரியவில்லை.

நாற்பத்தோராவதை இறக்கி வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். ஒரு பஸ் டிரைவர். அதைத் தெரிந்துகொண்ட பல்செட்டுக்காரர், முன்பு ஒருமுறை, நாலு பேர் பார்க்க, கமெண்டில் அவரைத் திருடன் என்று எழுதி, அழிக்கவைத்து, அழித்ததற்குப் படம் வேறு அனுப்பச் சொல்லியிருந்தார். அவருக்குத்தான் இப்போது தகவல் போனது. மறுநாள் வேலை முடிந்து, காக்கிச் சட்டையோடு நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டார் டிரைவர். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மகளும் அங்கே வந்திருந்தாள்.

"தம்பி, நீங்க நெஜமாவே அழிச்சிட்டீங்களா?"

"அண்ணே, நீங்க திட்டின திட்டுக்கு ரெண்டு தடவ அழிச்சேன். குப்பைத்தொட்டியில இருந்தும் எடுத்து அழிச்சேன்."

"ஒரு பேச்சுக்குச் சொன்னா அப்படியேவா கேக்குறது?"

"என் பொண்டாட்டியும் இதைத்தாண்ணே சொல்லுவா" என்றார் டிரைவர். பிறகு, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் போனை வெளியே எடுத்தார். "ஆனா இதைப் பாருங்க. அன்னிலேர்ந்து ஒழுங்கா வந்து பாத்துட்டுத்தான் போவேன். முந்தாநாள் பாதியில டிப்போவுல கூப்பிட்டாங்க, நிறுத்தினேன். அப்படியே நிக்குது. நான் தொடவே இல்ல."

மகள் போனை வாங்கவில்லை. அவர் கையில் இருக்கும்படியே குனிந்து பார்த்தாள். ஒன்று ஐம்பத்திரண்டில் படம் உறைந்திருந்தது. அதற்கு முன்னால், ஏற்கனவே இறங்கி வந்துவிட்ட பகுதியைக் காட்டும் சாம்பல் கோடு கொஞ்ச தூரம் ஓடியிருந்தது.

"இது எதுவரைக்கும்மா?" என்றார் பல்செட்டுக்காரர்.

"தெரியலப்பா. ரெண்டு பத்து இருக்கலாம். ரெண்டு இருபதும் இருக்கலாம். கோடு தடியா இருக்கு." அவள் டிரைவரின் விரலைப் பிடித்து நெட்டை அணைத்தாள். "நெட் இருந்தா, வீடியோ போயிடுச்சுன்னு இதுவும் அழிஞ்சிடும். இனிமே புதுசா ஒண்ணும் வராது. வந்தது மட்டும்தான். ஒரு தடவதான் ஓட்டிப் பாக்க முடியும்னு வச்சுக்கோங்க. ஓட்டவா?"

பல்செட்டுக்காரர் அலமாரிக்குப் போனார். திரும்பியபோது கையில் ஒரு கீழ்த்தாடை வார்ப்பு. சீட்டில் பெயர் இல்லை, 'வீடு' என்று மட்டும் எழுதியிருந்தது. அதை ஏன் எடுத்துவந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பெஞ்சில், டிரைவர் நீட்டிப் பிடித்திருந்த போனுக்குக் கீழே வைத்தார். மகள் தன் போனைப் பதிவுக்குத் தயாராகப் பிடித்துக்கொண்டாள்.

"ம்" என்றார்.

டிரைவர் தொட்டார். பல்செட்டுக்காரரின் குரலே பட்டறையில் எழுந்தது, துப்பறிவாளனின் வீரத்தை வானளாவப் புகழ்ந்துகொண்டு. இந்த ஆள் கொஞ்சம் வாயை மூடமாட்டானா என்றிருந்தது அவருக்கு. இரண்டு ஐந்து. இரண்டு ஒன்பது. சைக்கிள் பாலத்தின் விளிம்பைத் தாண்டியது. இரண்டு பன்னிரண்டு. பின்னணியில் ஒரு பாத்திரம் 'ணங்'கென்று இறங்கும் சத்தம். யாரோ பேசுவதற்கு மூச்சை இழுப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

இரண்டு பதிமூன்றில் படம் நின்றது. நடுவில் ஒரு சின்ன வெள்ளை வளையம் முளைத்துச் சுற்ற ஆரம்பித்தது.

டிரைவர் கையை ஆட்டவில்லை. மகள் பதிவை நிறுத்தவில்லை. சைக்கிள் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நிற்க, வளையம் இதோ இதோ என்பதுபோல் சுற்றிக்கொண்டே இருந்தது.

பல்செட்டுக்காரர் சமையலறைப் பக்கம் காதைத் திருப்பியவர்போல் தலையைச் சாய்த்திருந்தார்.

"அஞ்சு நிமிஷம்" என்றார்.

வளையத்தின் வெளிச்சம் சுண்ணாம்புப் பற்களின் மேல் விழுந்து சுற்றியது.