மேடைக்கு ஒட்டிய கம்பளம்

மே பதினேழாம் தேதி மதியம்; பூர்வீக நாட்டின் தேசிய தின விழா. தேவாலயத்தின் கீழ்க்கூடத்து மேடையில் பிடிலோடு உட்கார்ந்த ஆர்லிஸ் ட்வைட் வலது காலை ஓங்கி மிதித்தாள். சத்தமே வரவில்லை. இன்னொரு முறை மிதித்தாள். நேற்று ஒட்டிய நீலக் கம்பளம் அதையும் விழுங்கிவிட்டது.

ஸ்பிரிங்கர் என்ற ஜோடி ஆட்டத்தின் தாளத்தில் மூன்று தட்டும் ஒரே நீளம் கிடையாது. பூர்வீக மாவட்டமான டெலமார்க்கிலிருந்து மின்னசோட்டாவுக்குக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாக்கள் முதல் தட்டை நீட்டி, கடைசித் தட்டைக் கத்தரித்து ஆடினார்கள். இன்றைக்கும் அப்படித்தான். அந்தக் கோணல் கணக்கை ஆடுகிறவர்களுக்குச் சொல்வது பிடில்காரியின் கால். கூடத்தின் தரையோ சிமென்ட்; யானை மிதித்தாலும் கேட்காது. உள்ளே காலியான மரமேடைதான் அவளுக்கு மத்தளம்.

"மைக் வெச்சிக்கலாமே அக்கா," என்றான் விழாக் குழுத் தலைவன் டுவேன்.

"எங்க, என் கால்லயா கட்டப்போற?"

"கோவிச்சுக்காதீங்க. இந்த வருஷமும் ஆட ஆள் வரலேன்னா உங்க நேரத்த அக்கார்டியன்காரங்களுக்குக் குடுத்துடுவோம். குழுவுல பேசியாச்சு."

ஆர்லிஸுக்குக் காது மடல் சுட்டது. ஒரு கை பார்த்துவிடுவது என்று வில்லை எடுத்தாள்.

கம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பனிக்காலத்தில் இறந்துபோன கணவன் ஹார்லன் நினைவாக லவோன் கொடுத்தது அது. ஹார்லனோ ஊரிலேயே முதல்தர ஆட்டக்காரன். ஆட்டக்காரன் பெயரில் மேடைக்குக் கம்பளம் ஒட்டவும், அதைப் பார்த்துப் பல்லைக் காட்டி நன்றி சொல்லவும் எங்கள் ஜனங்களால்தான் முடியும்.

பிடில் பாடியது. ஜோடிகள் எழுந்தார்கள். ஒருவர் முதல் தட்டை நீட்டினார், இன்னொருவர் இரண்டாவதை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, "சாரி, சாரி" என்றபடி ஒவ்வொருவராகக் காபிப் பக்கம் நழுவினார்கள். ஆர்லிஸ் பாதிப் பாட்டில் வில்லை நிறுத்தினாள். அப்படி அவள் என்றுமே நிறுத்தியதில்லை.

"லவோன்! இந்தக் கம்பளத்த நான் வெட்டப்போறேன். உன்னக் கேக்கல, சொல்றேன். கோவிச்சுக்கணும்னா அப்புறமா கோவிச்சுக்கோ."

காபி மேஜைக்குப் பின்னால் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த லவோன் நிமிர்ந்தாள்.

"அது ஹார்லன் பேர்ல போட்டதுடி."

"தெரியும். இதுமேல நான் தட்டுறத வெச்சு அவன் ஆடியிருப்பானா, நீயே சொல்லு."

லவோன் கத்தியோடு மேடையேறி வந்தாள். ஆர்லிஸுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வலது காலுக்கு முன்னால் வில் நுனியால் ஒரு சின்னக் கட்டம் வரைந்து காட்டினாள்.

"இவ்வளவு போதும்."

"போதாது," என்றாள் லவோன். மண்டியிட்டு, ரொட்டிக் கத்தியால் அதைவிட இரண்டு மடங்கு அகலமாக அறுத்தாள். அழுதுகொண்டேதான் அறுத்தாள். பசை விடமாட்டேன் என்றது; அவளும் விடவில்லை. தர்ரென்று இழுத்து எறிந்துவிட்டு எழுந்தாள். "ரெண்டு காலாலயும் தட்டு."

ஆர்லிஸ் தட்டினாள். கூடம் அதிர்ந்தது. காபிக் கோப்பைகள் மேஜைக்குத் திரும்பின, கால்கள் ஆட்டத்துக்குத் திரும்பின.

லவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக டுவேனிடம் போய்க் கையை நீட்டினாள்.

"எனக்கு இது ஆடத் தெரியாதே," என்றான்.

"இப்ப தட்டு காதுல கேக்குதில்ல? வா."